இரண்டு வரி இடம்

டோர்செட் பார்க், ரொறன்ரோ
14 ஜூன் 2009

அன்புள்ள றோசலின் மாமிக்கு,

மடு மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டு, உங்கள் அண்ணன் இக்னேசியஸின் மகள் நிரோஷினி எழுதுவது. நீங்கள் என்னை நேரில் கண்டதில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. கண்ணாடி போட்டிருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கட்டுரைக்கு எனக்குத்தான் முதற்பரிசு. இனி எங்கள் வீட்டுக் கடிதங்களை நான் எழுதப்போகிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன்.

ஜனவரியிலிருந்து என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. வன்னிச் சண்டையைப் பற்றி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு ரெலிபோனையும், யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னது என்று அதில் குறித்துவைக்கிறேன். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும்போது செய்தி மாறிவிடுகிறது. கொப்பியில் மாறாது. இம்மாதம் ஆறாம் திகதி, முகாமுக்கு வரும் கன்னியர் மடத்துச் சிஸ்டரின் கைபேசியில் நீங்கள் முகாமிலிருந்து எடுத்ததும், ஜூலியஸ் சித்தப்பா இனி இல்லை என்று சொன்னதும் அதில் இருக்கின்றன. சித்தப்பாவுக்காக ஞாயிற்றுக்கிழமை பூசை ஒப்புக்கொடுத்தோம்.

அப்பாவைப் பற்றி எழுதவேண்டிய விசயம் ஒன்று உண்டு. அம்மா அதை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குப் பொய் எழுத விருப்பமில்லை. ஆகையால் அதற்குரிய இடத்தில் இரண்டு வரி வெறுமையாக விடுகிறேன்.

. . . . . . . . . .
. . . . . . . . . .

உங்களுக்கு அங்கே என்ன தேவை என்று எழுதுங்கள். சிஸ்டருக்கு எங்கள் வணக்கம்.

உங்கள் அன்பு மருமகள்,
நிரோஷினி

*

செட்டிக்குளம் முகாம், வவுனியா
9 ஜூலை 2009

என் செல்ல மருமகளுக்கு,

உன் கடிதம் சிஸ்டர் கையால் கிடைத்தது. அண்ணைக்கும் மச்சாளுக்கும் உனக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்கக்கூடாது. எழுத்து என்ன வடிவு. உன்னுடைய அப்பாவின் எழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கும்; நீ மச்சாளைக் கொண்டு பிறந்திருக்கிறாய்.

நான் சுகம். எங்கும் அலைவதில்லை. தண்ணீர் வரிசைக்குப் போவது பக்கத்துக் கூடாரத்து யோகமலர் அக்கா. என் பங்கையும் அவவே கொண்டுவந்து வைத்துவிட்டு, "மகாராணி, குளிக்கிறியளோ குடிக்கிறியளோ" என்று கேட்பா.

பிள்ளை, அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது? நானே சொல்லட்டுமா? அண்ணைக்கு என்னில் கோபம். அவர் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று பஸ்ஸடியில் ஜூலியஸின் கையைப் பிடித்து என் கையில் தந்துவிட்டுப் போனவர். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. போன மாதம் ஆறாம் திகதி போனில், "அவனைக் கொண்டுவர முடியேல்லை அண்ணை" என்றேன். அவர் என்னவோ ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் கேட்டதில்லை. பிறகு போன் வைத்துவிட்டார்.

அவரிடம் கேட்டு எழுது. மறைக்காதே.

அன்பு மாமி,
றோசலின்

*

டோர்செட் பார்க்
30 ஜூலை 2009

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்களுக்கும் யோகமலர் அன்ரிக்கும் வெயில் கடுமையாக இராது என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்பா, மாமியோட கோவமோ?" என்று கேட்டேன். அப்பா ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை எழுதினால் நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்; ஏன் பிழை என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆகையால் எழுதவில்லை. ஆனால் அவர் கோபமாக இல்லை. இதை நம்புங்கள்.

அப்பா இப்போது மிசிசாகாவுக்கு வேலைக்குப் போவதில்லை. வீட்டில்தான் இருக்கிறார். பல்கனியில் அம்மா வைத்த பயிற்றங்கொடி காய்த்திருக்கிறது. எட்டுக் காய்.

அன்பு மருமகள்,
நிரோஷினி

*

செட்டிக்குளம் முகாம்
20 ஓகஸ்ட் 2009

அன்பு நிரோஷினிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறேன்.

நீ நல்ல பிள்ளை. உன்னை நடுவில் நிற்பாட்டியது என் பிழை. அண்ணை சொன்ன சொல் என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. வேலைக்கும் போகாமல் இருக்கிறார் என்றால் அவருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்.

இனி நான் சிஸ்டரிடம் போன் கேட்கமாட்டேன். கடிதமும் வேண்டாம், பிள்ளை. நீ படி.

றோசலின்

*

டோர்செட் பார்க்
10 செப்டெம்பர் 2009

அன்புள்ள மாமிக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்குக் கட்டாயம் கொடுக்கும்படி சிஸ்டருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நீங்கள் எழுதியதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா வாசித்துவிட்டு என் கொப்பியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். பிறகு, "எழுது. எல்லாத்தையும் எழுது. நான் சொன்னதையும் எழுது" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் இல்லை. அப்பாவுக்கு வந்தது பாரிசவாதம். உங்களோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோதே வந்தது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

என் கொப்பியில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

காலை எட்டுப் பத்துக்கு நீங்கள் எடுத்தீர்கள்; எல்லோரும் கேட்க அப்பா ஸ்பீக்கரைப் போட்டார். எட்டுப் பதினாலுக்கு அப்பா, "தங்கச்சி, சாப்பிட்டியே?" என்று இரண்டு தரம் தெளிவாகக் கேட்டார். எட்டுப் பத்தொன்பதுக்கு "ஜூலியஸ்" என்று ஒருதரம் சொன்னார். எட்டு இருபத்தொன்றுக்குப் போன் அவருடைய வலக்கையிலிருந்து விழுந்தது. குனிந்து இடக்கையால் எடுத்து ஏதோ சொல்லப் பார்த்தார். சொல் வரவில்லை, அந்தச் சத்தம்தான் வந்தது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் அழுகை என்று நினைத்தோம். மே மாதத்திலிருந்து எங்கள் கட்டடத்தில் அழாத வீடு இல்லை. அப்பாவைச் சோபாவில் சாய்த்துவிட்டோம். எங்கள் மாடித் தட்டிலேயே இருக்கும் அன்புராசா அங்கிள் வந்து, "விடுங்கோ தங்கச்சி, அவர் அழட்டும். செத்தவீட்டில ஆளைக் கதை கதையெண்டு நெருக்கக் கூடாது" என்றார். அம்மாவும், "ஓம், ஒருத்தரும் அவரோட கதையாதேங்கோ" என்றார். அம்மா எழுதச் சொன்னது இதைத்தான். எட்டு ஐம்பதுக்கு அம்மா கோப்பி பருக்கினார். அது வாயின் வலப்பக்கத்தால் வழிந்தது. அதையும் எழுதினேன். ஒன்பதேகாலுக்குள் ஏழு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அது மரியாதை. அதனால் அப்பாவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஒன்பதரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "கண்ணீர் இரண்டு கண்ணிலும் வருகிறது. ஆனால் அழுகை முகத்தின் ஒரு பாதியில்தான் இருக்கிறது. மற்றப் பாதி வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் சும்மா இருக்கிறது." எழுதிவிட்டு, இந்த வசனம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன், மாமி. அப்படித்தான் நினைத்தேன்.

திருப்பி வாசித்தபோதுதான், வசந்தகாலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்த நேர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், படுக்கவைத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், உடனே அம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவர். நான் அப்பாவுக்கு முன்னால் போய், "அப்பா, ரெண்டு கையையும் தூக்குங்கோ" என்றேன். ஒரு கைதான் எழும்பியது.

"பிள்ளை, இப்ப என்ன விளையாட்டு?" என்று அன்புராசா அங்கிள் கேட்டார். நான் போனடிக்குப் போனேன். "போனில கை வையாதை, மாமி திருப்பி எடுப்பா" என்றார் அம்மா. ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் அது: வன்னியிலிருந்து யாரும் எடுத்தால் லைன் சும்மா இருக்கவேண்டும். ஒன்பது நாற்பத்தெட்டுக்கு அந்தச் சட்டத்தை மீறி 911 அடித்தேன். ஒன்பது ஐம்பத்தேழுக்கு அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: இவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? அன்புராசா அங்கிள், "ஒரு மாசமா இப்பிடித்தான், ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை" என்று இங்கிலிஸில் சொன்னார். அது பொய்யும் இல்லை. சண்டை முடிந்த மே பதினெட்டுக்குப் பிறகு அப்பா கதைப்பது குறைந்துதான் போயிருந்தது. ஆனால் டொக்டரின் முகம் மாறிவிட்டது. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து ஒன்று இருக்கிறதாம். தொடங்கிச் சில மணித்தியாலத்துக்குள் மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். பிந்தினாலோ, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டாலோ கொடுக்கமாட்டார்கள். மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும்.

நான் கொப்பியை நீட்டினேன். தமிழில் இருந்ததால் விரல் வைத்து வரிவரியாகச் சொன்னேன். "மணி சரியா?" என்று கேட்டார். "எங்கள் அடுப்பு மணிக்கூடு இரண்டு நிமிடம் முந்தி ஓடும், அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்" என்றேன். அவர் எட்டு இருபத்தொன்று என்று பெரிதாக எழுதிக் கோடு போட்டார். ஸ்கான் எடுத்தார்கள். பத்து ஐம்பத்தெட்டுக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

மத்தியானம் வந்திருந்தால் இந்த மருந்தைத் தந்திருக்க முடியாது என்று டொக்டர் பிறகு சொன்னார். இரண்டு கிழமையில் அப்பா நடந்தார். கை இன்னும் சரியில்லை. பேச்சும் வரவில்லை; ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. அது "ஓம்." தேத்தண்ணியா கோப்பியா என்றாலும் ஓம். பசிக்கவில்லையா என்றாலும் ஓம். மாமியோடு கோபமா என்று கேட்டதற்கும் அதுதான் சொன்னார். சொல்லிவிட்டு இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

இன்னும் ஒன்று. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை. எட்டு ஐம்பதுக்குக் கோப்பி வழிந்ததைக் கண்டேன். 911 அடித்தது ஒன்பது நாற்பத்தெட்டுக்கு. இடையில் ஐம்பத்தெட்டு நிமிடம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவின் சொற்கள் அந்த நேரத்தில்தான் போயின என்று நினைக்கிறேன். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் நினைக்கிறேன்.

உங்கள்,
நிரோஷினி

*

செட்டிக்குளம் முகாம்
2 ஒக்டோபர் 2009

என் தங்கமே,

ஆண்டவருக்குத் தோத்திரம். உன் கடிதத்தைச் சிஸ்டருக்கு முன்னாலேயே பிரித்து வாசித்தேன். அழுத அழுகையில் யோகமலர் அக்கா ஓடிவந்தா. விசயத்தைச் சொன்னதும் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் அழுகுதடி, பயமில்லை" என்றா. பிறகு சிரித்தேன்.

நாலு மாதமாக அண்ணையை என்ன என்ன நினைத்தேன். அவர் மன்னிக்கவேண்டும்.

மச்சாளுக்குச் சொல்லு: நானும் அங்கே இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். செத்தவீட்டில் நாங்கள் வேறு என்ன சொல்லிப் பழகியிருக்கிறோம்?

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான். நாற்பத்தொரு வயதுக்காரி, எனக்கும் அது அழுகை என்றுதான் தெரிந்தது. அந்த ஐம்பத்தெட்டு நிமிடத்தையும் நீ தனியாக வைத்திருக்காதே. பாதியை எனக்கு அனுப்பிவிடு.

அண்ணை கையை எப்படி அசைக்கிறார், என்ன சொல் வந்தது, எல்லாம் எழுது.

மாமி

*

டோர்செட் பார்க்
18 ஒக்டோபர் 2009

அன்புள்ள மாமிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு மூன்று தரம் வாசித்தேன். நாலாம் தரம் அவரே எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

புதிதாக வந்த சொற்கள்: நிரோ, தேத்தண்ணி, குளிர், வா, போ. அன்புராசா அங்கிளைப் பார்த்து ஒரு கெட்ட சொல்லும் வந்தது. அங்கிளுக்கு அதில் சரியான சந்தோசம். "என்னைத்தான் முதல் ஏசினவர்" என்று எல்லோருக்கும் சொல்கிறார். சனிக்கிழமைகளில் அப்பாவைக் காரில் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது அவர்தான். இப்போது யார் வந்தாலும், "எங்க, ரெண்டு கையையும் தூக்குங்கோ பாப்பம்" என்கிறார். நேற்றுப் பங்குத் தந்தையையும் தூக்கவைத்தார்.

பயிற்சி ஆசிரியர் அப்பாவுக்கு வீட்டுப்பாடம் தந்திருக்கிறார். வலக்கை விரலால் லைற் சுவிச்சை அமத்தவேண்டும். விரலுக்கு இன்னும் பலம் போதாது. அதனால் அப்பா ஒருவரும் பார்க்காத நேரம் முழங்கையால் இடித்து அணைக்கிறார். அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போதும் அணைத்தார். உள்ளேயிருந்து அம்மா போட்ட சத்தத்துக்கு அப்பா, "ஓம்" என்றார். இந்த முறை வேண்டுமென்றே சொன்னார் என்று நினைக்கிறேன்.

உங்கள் பாதியை, இருபத்தொன்பது நிமிடத்தை, இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மருமகள்,
நிரோஷினி

*

செட்டிக்குளம் முகாம்
8 நவம்பர் 2009

அன்பு மருமகளுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு இன்று எழுத மனமில்லை. ஆனால் நீ எழுதியமாதிரி நானும் எழுதவேண்டும்.

போன செவ்வாய் காலை யோகமலர் அக்கா என்னோடு கதைத்துக்கொண்டு பருப்புக் கழுவினா. கையிலிருந்த சட்டி விழுந்தது. சிரித்தா. ஒரு பக்கம்தான் சிரித்தது. உன் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன்; உடனே விளங்கிவிட்டது. ஒரு கரித்துண்டு எடுத்து என் முன்கையில் ஏழு பத்து என்று எழுதினேன். பிறகு தட்டையும் கரண்டியையும் எடுத்து அடி அடி என்று அடித்தேன். சனம் கூடிவிட்டது. "வெத்திலை குடுங்கோ, மயக்கம்" என்றார்கள். ஒன்றும் வாயில் வைக்கவேண்டாம், டொக்டரிடம் தூக்குங்கோ என்று கத்தினேன். தூக்கினார்கள்.

முகாம் வாசலில், வெளியே போக அனுமதித் துண்டு வேண்டும் என்றார்கள். பிறகு வாகனம் இல்லை என்றார்கள். வாகனம் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. என் கையைப் பார்த்து நேரம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

அக்கா உயிரோடு இருக்கிறா. வவுனியா ஆஸ்பத்திரியில். எழும்பமாட்டா என்கிறார்கள்.

கரி இரண்டு நாள் போகவில்லை. நான் கழுவவும் இல்லை.

மாமி

*

டோர்செட் பார்க்
26 நவம்பர் 2009

அன்புள்ள மாமிக்கு,

யோகமலர் அன்ரிக்காக நாங்கள் செபமாலை சொன்னோம். அப்பா ஒவ்வொரு மணிக்கும் "ஆமென்" சொன்னார். அது புதிய சொல். நீங்கள் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. வாகனம்தான் பிந்தியது. என் கொப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு கேள்வி. இதைக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. தண்ணீருக்கும் நீங்கள் போவதில்லை. அன்றைக்கும் தட்டில் அடித்தீர்கள், ஓடவில்லை. நீங்கள் ஓடுகிற ஆள் என்றும், பள்ளிக்கூடப் போட்டியில் பையன்களையும் முந்தியதாகவும் அப்பா முன்பு சொல்லியிருக்கிறார்.

எழுத விருப்பமில்லாவிட்டால் இரண்டு வரி விட்டுவிடுங்கள். நான் கேட்கமாட்டேன்.

நிரோஷினி

*

கன்னியர் மடம், மன்னார்
8 டிசெம்பர் 2009

என் கண்ணுக்கு,

முகாமைத் திறந்துவிட்டார்கள். சிஸ்டர்மார் என்னை மன்னாருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே ஜன்னலால் கடல் தெரிகிறது. யோகமலர் அக்காவைப் போன கிழமை பார்த்தேன். இடக்கையால் என் காதைப் பிடித்து முறுக்கினா.

வரி விடமாட்டேன். என் இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஏப்ரலில் போனது. ஜூலியஸ்தான் என்னைத் தூக்கிக்கொண்டு காயக்காரரை ஏற்றும் செஞ்சிலுவைக் கப்பலுக்குக் கொண்டுவந்தான். ஏற்றிவிட்டு, "அக்கா, நீ போ, நான் வாறன்" என்றான். காயப்படாதவனை ஏற்றமாட்டார்கள். அண்ணை என்னிடம் தந்த கையை நான் விடவில்லை, பிள்ளை. அவன்தான் விட்டான். இதைத்தான் அன்றைக்குப் போனில் சொல்ல வந்தேன். அண்ணைக்கு மெதுவாக வாசித்துக் காட்டு.

இங்கே போன் இருக்கிறது. ஜனவரி ஆறாம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாள் அன்று, உங்கள் காலை எட்டுப் பத்துக்கு எடுப்பேன்.

மாமி

*

டோர்செட் பார்க்
24 டிசெம்பர் 2009

அன்புள்ள மாமிக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். யோகமலர் அன்ரியைப் பார்க்கப் போனால் எங்கள் வாழ்த்தையும் அவர் காதுக்குள் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு மெதுவாக வாசித்தேன். கப்பல் வந்த இடத்தில் கையைக் காட்டி நிற்பாட்டச் சொன்னார். அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு மிச்சத்தையும் வாசித்தேன். அப்பா அழுதார். நான் பார்த்தேன், மாமி. அம்மாவும் பார்த்தார், வெளிப்படையாகவே பார்த்தார். முகம் முழுவதும் அழுதது. பிறகு அப்பா, "பாவம், தங்கச்சி, கால்" என்றார். மூன்று சொல், ஒன்றன்பின் ஒன்றாக. இதுவரை அவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை.

ஜனவரி ஆறுக்காக ஒரு வசனம் பழகுகிறார். என்ன வசனம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அன்றைக்கு அதற்கு மறுமொழி சொல்லவில்லை என்று கொப்பியில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனாலும் கீழே இரண்டு வரி விடுகிறேன். அது அப்பாவுக்கு.

தங்கச்சி
சாப்பிட்டியே

இதை எழுத அவருக்குப் பத்தொன்பது நிமிடம் எடுத்தது. வலக்கைதான். கடைசி எழுத்துக்கு மட்டும் நான் மணிக்கட்டைப் பிடித்தேன், அதையும் சொல்லவேண்டும். எழுத்து கோழி கிளறினமாதிரித்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னபடி அது முன்பும் அப்படித்தானே.

ஐந்து மணிப் பூசைக்கு நேரமாகிவிட்டது. அன்புராசா அங்கிள் கீழே காரை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறார். அம்மா எலிவேற்றரைப் பிடித்துவைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். நான் கோட்டைப் போட்டபடியே எழுதுகிறேன். அப்பா கதவடியில் நிற்கிறார். "பொறுங்கோ அப்பா, இன்னும் ஒரு வரி" என்கிறேன். "போ, போ" என்கிறார். முழங்கையால் அல்ல, விரலால், இப்போது லைற்றை அணைத்துவிட்டார்.